நீளவாக்கில் ஒரு கோடு

பட்டுப் புடவையில் குற்றம் வந்தால், அது எந்தத் திசையில் ஓடுகிறது என்பதைத்தான் முதலில் பார்ப்பேன். குறுக்கே ஓடினால் நெய்தவர் கை. நீளவாக்கில் ஓடினால் இரண்டே காரணங்கள். நீளத்துக்கு ஓடும் பாவு இழை ஒன்று அறுந்ததைக் கவனிக்காமல் நெய்திருக்க வேண்டும், அல்லது தறிக்கு மேலே இருந்து டிசைனுக்கான இழைகளைத் தூக்கும் ஜக்கார்டு பெட்டியில் கோளாறு இருக்க வேண்டும். இரண்டில் எது என்று சொல்ல ஒரு பூதக்கண்ணாடியும் ஐந்து நிமிடப் பொறுமையும் போதும். ஆரணியில் இருபத்தாறு வருடமாக ஜக்கார்டு பெட்டி ரிப்பேர் பார்க்கிறவன் நான். என் தங்கை தீபா நெய்த புடவை முதலாளி வீட்டிலிருந்து திரும்பி வந்த அன்று எனக்கு ஐந்து நிமிடம்கூடத் தேவைப்படவில்லை. கண்ணாடியை வைத்ததும் தெரிந்துவிட்டது.

பத்தொன்பது நாள் நான் அதை யாரிடமும் சொல்லவில்லை.

தீபாவுக்கு முப்பத்து மூன்று வயது. பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே அவளுக்கு வீட்டில் வைத்த பெயர் 'மறதி மூட்டை'. அடுப்பில் பாலை வைத்துவிட்டுத் துணி எடுக்க மாடிக்குப் போவாள். மாடியில் பக்கத்து வீட்டு அம்மணியோடு பேசிவிட்டு, துணியும் எடுக்காமல், பாலும் பொங்கிப்போய், எதற்கு மாடிக்கு வந்தோம் என்று கீழே வந்து யோசிப்பாள். ஆனால் தறியில் உட்கார்ந்தால், சில நாள், சாப்பாட்டைக்கூட மறந்து நெய்வாள். அதை வைத்துத்தான் நான் அவளைத் திட்டுவேன். பிடித்த வேலைக்குக் கவனம் வருகிறது, பிடிக்காத வேலைக்கு மட்டும் மறதியா என்று. அவளிடம் இல்லாதது கவனம் அல்ல, அதைத் திருப்புகிற ஸ்டியரிங்தான் என்பதை நான் ரொம்பத் தாமதமாகத் தெரிந்துகொண்டேன்.

போன வருடம் தூக்கம் வரவில்லை என்று வேலூருக்குப் போனாள். அங்கே ஒரு டாக்டரம்மா இரண்டு மணி நேரம் கேள்வி கேட்டார். பழைய மார்க் ஷீட்டெல்லாம் கொண்டுவரச் சொன்னார். மூன்றாவது முறை போனபோது ஏடிஎச்டி என்று சொன்னார். பெரியவர்களுக்கும் உண்டு, பெண்களுக்குப் பல நேரம் கண்டுபிடிக்காமலே போய்விடும் என்றார். மாத்திரை எழுதித் தந்தார்.

இரண்டு மாதம் கழித்து அவள் வீட்டுப் பெட்டிக்கு எண்ணெய் போடப் போயிருந்தேன். நான் ஏணியில் இருந்தேன், அவள் கீழே.

"அண்ணா, உள்ள சத்தம் கொறஞ்சிருக்குது."

"இன்னா சத்தம்? பொட்டியிலயா?"

"என் தலையிலண்ணா. நாலு டிவி ஒரே நேரத்துல ஓடிகினு இருந்தா மாதிரி இருக்கும். இப்போ ஒண்ணு தான் ஓடுது."

பிறகுதான் மாத்திரையைப் பற்றிச் சொன்னாள். புருஷன் குமரேசனுக்குத் தெரியும், மாமியார் சின்னம்மாளுக்குத் தெரியாது, யாரிடமும் சொல்லாதே என்றாள். சரி என்றேன்.

சரி என்றவன் வீட்டுக்கு வந்து போனில் தேடினேன். வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவர் பேசினார். அவர் டாக்டரா, கோட்டு மட்டும்தான் அவருடையதா என்று நான் பார்க்கவில்லை. இதெல்லாம் வியாதியே இல்லை, செல்போனால் வந்த வினை, மாத்திரை போட்டால் போதைபோல் பிடித்துக்கொள்ளும், கை நடுங்கும் என்றார். எனக்கு ஒரு விஷயம் புரிந்ததுபோல் தோன்றினால் நாலு பேருக்கு விளக்காமல் இருக்க முடியாது. தறிக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் இரண்டு நிமிடம் பேசிப் போட்டேன். பெயர் சொல்லவில்லை.

"ஜக்கார்டுல ஓட்டை போட்ட அட்டை எப்படியோ டிசைன் அப்படி. மனசுக்கு வளர்ப்பு தான் அட்டை. அட்டைய ஒழுங்கா அடிக்காம பொட்டிக்கு மருந்து ஊத்தினா டிசைன் வருமா?" என்று கேட்டிருந்தேன். கை நடுக்கத்தையும் சேர்த்திருந்தேன்.

குழுவில் கைதட்டல் படங்களாக விழுந்தன. ஒரு வாரத்தில் அது வந்தவாசி வரை போய் வேறு ஒரு குழு வழியாகச் சின்னம்மாளின் போனுக்கே வந்துவிட்டது. குரல் என்னுடையது. மருமகளின் பையில் மாத்திரை. அந்த அம்மாள் கூட்டிப் பார்த்துக்கொண்டார்.

அதே வாரம்தான் புடவை திரும்பி வந்தது.

பார்டரில் வரிசையாக வரும் மாங்காய் புட்டாக்களில், சிலவற்றின் நடுவே மட்டும் மயிரிழை போல நீளவாக்கில் ஒரு கோடு. இழை அறுந்ததுகூடத் தெரியாமல் நெய்திருக்கிறார்கள் என்று முதலாளி சொல்லி அனுப்பியிருந்தார். குமரேசன் எனக்குப் போன் செய்தான். அவன் களம்பூர் அரிசி மில்லில் லாரி ஓட்டுகிறவன், தறி தெரியாது.

"மச்சான், நீங்களே வந்து பாருங்க. நீங்க சொன்னா மாதிரியே ஆயிடுச்சி."

நான் போனபோது தீபா சுவரோரம் நின்றிருந்தாள். "இழை அறுந்து போகலண்ணா," என்றாள். பிறகு அவளே, "அறுந்துதோ இன்னாவோ. எனக்குத்தான் எது ஞாபகம் இருக்குது," என்றாள்.

கண்ணாடியை வைத்தேன். இழை அறுந்திருக்கவில்லை. துணி முழுக்கத் தொடர்ச்சியாக இருந்தது. புட்டா வரும் இடத்தில் மட்டும், தூக்கப்பட வேண்டிய நேரத்தில், சில தடவை தூக்கப்படாமல் கீழேயே கிடந்திருக்கிறது. பெட்டிக்குள் ஒவ்வொரு ஊசிக்கும் ஒரு கொக்கி. அட்டையில் ஓட்டை இல்லாத இடத்தில் ஊசி பின்னால் தள்ளப்படும், கொக்கி விலகிக்கொள்ளும், அதன் இழை மேலே போகாது. அடுத்த அட்டை வருவதற்குள் ஊசியின் பின்னால் இருக்கும் சின்ன ஸ்பிரிங் அதைப் பழைய இடத்துக்குத் தள்ளிவிட வேண்டும். ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் சில நேரம் தள்ளும், சில நேரம் தள்ளாது. தள்ளாத நேரத்தில், அட்டையில் ஓட்டையே இருந்தாலும், இழை எழுந்திருக்காது.

ஏணியில் ஏறினேன். ஏழாவது வரிசையில் அந்த ஊசியைக் கண்டுபிடிப்பதில் சிரமமே இல்லை. அங்கே ஸ்பிரிங் போட்டவனே நான்தான். ஆறு மாதம் முன்பு புது ஸ்பிரிங் கையில் இல்லாததால், கழித்துப்போட்ட ஒரு பெட்டியிலிருந்து பழையதை எடுத்து மாட்டினேன். அடுத்த வாரம் வந்து மாற்றிவிடுகிறேன் என்று சொன்னேன்.

மறந்துவிட்டேன்.

"பொட்டில ஏதாவது கீதா தம்பி?" என்று கீழேயிருந்து சின்னம்மாள் கேட்டார்.

என் பையில் புது ஸ்பிரிங் இருந்தது. முதுகைக் காட்டிக்கொண்டு மாற்றினேன். பழையதைச் சட்டைப் பைக்குள் போட்டேன்.

"பொட்டி நல்லாத்தான் இருக்குதுங்க," என்றேன்.

நான் கீழே இறங்குவதற்குள் முடிவாகிவிட்டது. சின்னம்மாள் மாத்திரை அட்டையைக் குப்பை வண்டியில் போட்டுவிட்டு வந்தார். குமரேசன், "மச்சானே சொல்லிட்டாரு, அப்புறம் இன்னா," என்றான். தீபா என்னைப் பார்த்தாள். அவள் என்னிடம் ரகசியமாகச் சொன்ன விஷயம் ஊர் முழுக்கப் போனதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

அடுத்த புடவை சுத்தமாக வந்தது. வராமல் எப்படி இருக்கும், ஸ்பிரிங் புதிது. ஆனால் அந்த வீட்டில் மாறியதாக அவர்களுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான், மாத்திரை. நிறுத்தினார்கள், புடவை சரியாகிவிட்டது. குழுவில் இருக்கும் சரவணன், 'கோபிநாத் அண்ணன் சொன்னது ப்ரூவ் ஆயிடுச்சி' என்று போட்டான். மறுபடி கைதட்டல் படங்கள். நான் ஒரு பொய்யைச் சொல்லி, என் கையாலேயே அதற்கு ஆதாரமும் செய்து கொடுத்திருந்தேன். தினமும் காலையில் சட்டை மாற்றும்போது அந்தப் பழைய ஸ்பிரிங்கையும் எடுத்து அடுத்த சட்டையில் போட்டுக்கொள்வேன். எறியவும் முடியவில்லை, காட்டவும் முடியவில்லை.

பத்தொன்பதாவது நாள் தீபா என் வீட்டுக்கு வந்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. இடது கையில் அடுப்பில் சுட்டுக்கொண்ட தழும்பு. தறியில் தவறு வந்துவிடுமோ என்று ஒவ்வொரு இழையையும் மூன்று முறை எண்ணி, ஒரு நாள் வேலையை மூன்று நாளாகச் செய்திருக்கிறாள். மற்ற எல்லாம் கை நழுவிப் போயிருந்தன. ரேஷன் கார்டைத் தொலைத்திருந்தாள். குமரேசனோடு தினமும் சண்டை.

"நீ சொன்னது சரிதாண்ணா," என்றாள். "மாத்திரை இல்லாமலேயே நெய்ய வருது பாரு. இத்தினி வருசமா நான் தான் சோம்பேறித்தனம் பண்ணிகினு இருந்திருக்கேன். நல்லவேள, நீ சொன்ன."

நன்றி சொல்ல வந்திருக்கிறாள் என்று புரிய எனக்கு ஒரு கணம் ஆயிற்று. செருப்பைப் போட்டுக்கொண்டு, "வா, உங்க வீட்டுக்குப் போலாம்," என்றேன்.

குமரேசன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். நான் ஸ்பிரிங்கை எடுத்து அவன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். திரும்பி வந்த புடவையைக் கொண்டுவரச் சொல்லி, கண்ணாடியைக் கொடுத்து, ஒவ்வொருவராகப் பார்க்க வைத்தேன். அறுந்த இழை எப்படி இருக்கும், தூக்கப்படாத இழை எப்படி இருக்கும் என்று காட்டினேன். பிறகு, "அன்னிக்கே தெரியும். பொய் சொன்னேன்," என்றேன்.

சின்னம்மாள் ஸ்பிரிங்கை எடுத்து விரலால் அழுத்திப் பார்த்தார். "இந்தத் துண்டுக் கம்பியா?"

"ஆமாங்க."

"அப்போ மாத்திரை மேல தப்பு இல்லன்ற."

"இல்லங்க. நான் அந்த வாய்ஸ்ல பேசினது எதுவும் எனக்குத் தெரிஞ்சி பேசினது இல்ல."

குமரேசன் கையைக் கழுவாமலே உட்கார்ந்திருந்தான். "இவள கைநீட்டி அடிக்கல மச்சான், அவ்ளோதான். மத்ததெல்லாம் வாயால பண்ணிட்டேன். நீங்க பாட்டுக்கு ஒரு ஸ்பிரிங்க பாக்கெட்ல போட்டுகினு சுத்திகினு இருந்தீங்க." அப்புறம் தீபாவைப் பார்த்து, "சரி வுடு. தப்பு உன்னுது இல்லன்னு ஆயிடுச்சி. மாத்திரைய வாங்கிப் போட்டுக்கோ," என்றான்.

தீபா புடவையை மடித்துக்கொண்டிருந்தாள்.

"தப்பு என்னுதா இருந்தா?" என்றாள்.

"இன்னா?"

"நெஜமாவே நான் இழைய கவனிக்காம வுட்டிருந்தா மாத்திரை கூடாதா? அடுத்த மாசம் வுடுவேன். மாத்திரை போட்டாலும் ஒண்ணு ரெண்டு வுடுவேன். அப்போ மறுபடியும் குப்பை வண்டியா? அண்ணன் ஸ்பிரிங் போட மறந்துச்சே, அதுக்கு யாரு எத குப்பையில போட்டீங்க?"

நான் அதுவரை, உண்மையைச் சொன்னால் கணக்கு நேராகிவிடும் என்று நினைத்திருந்தேன். தவறு அவளுடையது இல்லை என்று நிரூபித்ததைப் பெரிய காரியமாக எண்ணிக்கொண்டிருந்தேன். தவறே செய்யாதவளுக்குத்தான் மருந்து என்று நானும் சேர்ந்து ஒரு சட்டம் போட்டிருந்தது அப்போதுதான் தெரிந்தது.

"வேலூருக்கு நீ வா," என்றாள் என்னிடம். "ஏன் நிறுத்தினேன்னு டாக்டரம்மா கேப்பாங்க. எனக்குச் சொல்ல வெக்கமா கீது. நீ சொல்லு."

அன்று சாயங்காலம் குழுவில் இன்னொரு முறை பேசினேன். முன்பு பேசியது பொய், எனக்குத் தெரியாத விஷயம், டாக்டர் கொடுத்த மாத்திரையை யாராவது என் பேச்சைக் கேட்டு நிறுத்தியிருந்தால் உடனே அந்த டாக்டரிடம் போங்கள் என்றேன். ஸ்பிரிங்கைப் பற்றியும் சொன்னேன். ஆறு நிமிடம் வந்தது. சரவணன், 'மறந்துட்டியா? அப்போ உனக்கும் அந்த வியாதியா நைனா? நட்டு கழண்டிருந்தா உன் ஸ்பேனராலயே டைட் பண்ணிக்கோ' என்று போட்டான். எல்லோரும் சிரிக்கும் படம் போட்டார்கள். தீபாவிடம் காட்டினேன்.

"எல்லாருக்கும் தான் மறதி கீதுன்னு சொல்லித் தள்ளிடுறாங்கல்ல, இந்தக் கிண்டலும் அதே தான்," என்றாள். "நீ ஆறு மாசத்துல ஒரு தடவ மறந்த. நான் காலையில பல்லு வெளக்கறதுக்குள்ள ஆறு தடவ."

பழைய பேச்சை அழித்தும் பார்த்தேன். தறியில் தப்பாக நெய்ததைப் பிரிக்க வேண்டுமானால் குறுக்கே ஓடிய ஊடை இழையை உருவினால் மட்டும் போதாது, எத்தனை ஊடை உருவினோமோ அத்தனை அட்டையைப் பின்னால் திருப்ப வேண்டும். இல்லையென்றால் மறுபடியும் அதே இடத்தில் டிசைன் கெடும். நான் அழித்தது என் போனில் இருந்ததை மட்டும். ஊரெல்லாம் போனதைத் திருப்ப என்னிடம் ஒன்றுமில்லை. இரண்டாவது பேச்சை யாரும் வந்தவாசிக்கு அனுப்பவில்லை.

வேலூரில் அந்த வாரமே டாக்டரம்மாவைப் பார்க்க நேரம் கிடைத்தது. டாக்டரம்மா ஃபைலைப் புரட்டிவிட்டு, "ஏன் நிறுத்தினீங்க?" என்று கேட்டார். தீபா என்னைப் பார்த்தாள்.

நான் ஆரம்பித்தேன். பெட்டிக்குள் ஊசி, ஊசிக்குப் பின்னால் ஸ்பிரிங் என்று தொடங்கி எங்கேயோ போய்க்கொண்டிருந்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "ஐயா, மாத்திரைய நிறுத்தச் சொன்னது யாரு?" என்றார்.

"நான்தான்," என்றேன். அந்த ஒரு சொல்லுக்கு ஸ்பிரிங் கதை தேவைப்பட்டிருக்கவில்லை.

அவர் எதையோ எழுதினார். திட்டுவார் என்று காத்திருந்தேன், திட்டவில்லை. "இது போட்டவுடனே வேலை செய்ற மருந்து இல்ல. முதல்லேர்ந்து சின்ன அளவுல தொடங்கணும். போன மாசம் இருந்த நிலைக்கு வர நாலு வாரமும் ஆகலாம், ஆறு வாரமும் ஆகலாம்," என்றார்.

"ஆறு வாரமா?" என்றாள் தீபா. "அதுவரைக்கும் இப்படியே தானா?"

"கொஞ்சம் கொஞ்சமா கொறையும்மா. அதுவரைக்கும் பெரிய வேலைங்கள எடுத்துக்காதீங்க. வேளாவேளைக்கு மாத்திரைய ஞாபகப்படுத்த வீட்டுல ஒருத்தர் இருந்தா நல்லது." அவர் என் பக்கம் திரும்பினார். "நீங்க பார்த்துப்பீங்களா?"

நான் வாயைத் திறந்தேன்.

"வேணாம் டாக்டர்," என்றாள் தீபா. "அவர் பார்த்துகினார்னா நாலு பேருக்கு விளக்குவாரு. எங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லிக்கிறேன்."

டாக்டரம்மா சிரித்தார். தீபா சிரிக்கவில்லை. மருந்துச் சீட்டை வாங்கி, இரண்டாக மடித்து, என்னிடம் கொடுக்காமல் தன் பர்சுக்குள் வைத்துக்கொண்டு மருந்துக் கடை எந்தப் பக்கம் என்று அவரிடமே கேட்டாள்.