தலை வாரிவிட்ட போட்டோக்காரர்

போட்டோ எடுக்கத் தெரிந்தவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். பிள்ளைகளுக்குத் தலை வாரிவிட்டு எடுப்பவன் நான் ஒருவன்தான் என்று பல வருடமாகப் பீற்றிக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்தில் வகுப்பு வகுப்பாக அடையாள அட்டைக்குப் படம் எடுக்கும் வேலை. நாற்காலியில் வந்து உட்காரும் பிள்ளையின் முடியைச் சட்டைப்பையில் இருக்கும் சீப்பால் படிய வாருவேன், படம் எடுப்பேன், டம்ளர் தண்ணீரில் சீப்பை ஒரு முக்கு முக்கி அடுத்த பிள்ளையைக் கூப்பிடுவேன். "நீங்க எடுத்தா எங்க பசங்க எல்லாம் பளிச்சுனு இருக்காங்க சார்" என்று டீச்சர் ஒருமுறை சொன்னதை வீட்டில் நான்கு முறை சொல்லிக்காட்டியிருக்கிறேன். நான்கு முறையும் மனைவி முதல் முறை கேட்பதுபோலவே கேட்டாள். அவள் பொறுமைசாலி.

இந்த வருடம் நான்காம் வகுப்பைப் படம் எடுத்து மூன்று வாரம் இருக்கும். அந்த வகுப்பில் படிக்கும் என் மகள் சாப்பிடும்போதும் சொறிந்தாள், கணக்குப் போடும்போதும் சொறிந்தாள். மனைவி தரையில் ஒரு வெள்ளைத் தாளை விரித்து, அவளைக் குனிய வைத்துப் பேன் சீப்பால் வாரினாள். ஐந்து பேன் விழுந்தது. காதுக்குப் பின்னால் ஈர் வேறு கொத்துக் கொத்தாக ஒட்டியிருந்தது.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "நம்ம வீட்டுப் பிள்ளைக்கா? எவளோ ஒட்ட வெச்சிருக்கா" என்று குதித்தேன். மண்ணெண்ணெய் தடவலாம் என்று ஒரு யோசனையும் சொன்னேன்.

"பிள்ளையைக் கொளுத்தப் பாக்குறீங்களா? கடைக்குப் போய் பேன் மருந்து வாங்கிட்டு வாங்க, போதும்" என்றாள் மனைவி.

நான் கடைக்குப் போகவில்லை. நேராகப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன், நியாயம் கேட்க.

வகுப்பில் நர்ஸ் வந்து ஒவ்வொரு தலையாகப் பார்த்து முடித்திருந்தார். எல்லா பெஞ்சிலும் பிள்ளைகள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்க, கடைசி பெஞ்சில் ஒரு பெண்ணை மட்டும் தனியாக உட்கார வைத்திருந்தார்கள். இடுப்புக்குக் கீழே தொங்கும் பின்னல். அதனாலேயே அவளுக்குப் பின்னல்காரி என்று பெயர். நேற்று வரை என் மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவள். "இவ்வளவு முடி வெச்சிருந்தா பேன் வராம என்ன வரும்? எல்லாம் இவகிட்டருந்துதான்" என்று நாற்பது பிள்ளைகளுக்கும் கேட்கும்படி கையை நீட்டிச் சொன்னேன்.

டீச்சருக்குப் பின்னால் அந்தப் பெண்ணின் அம்மா நின்றதை அதற்குப் பிறகுதான் கவனித்தேன். பிஸ்கட் கம்பெனியில் பாக்கிங் வேலை. நீலக் கோட்டைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்திருந்தார்.

"சாயங்காலம் சலூனுக்குக் கூட்டிட்டுப் போய் ஒட்ட வெட்டிடுறேன் சார். எனக்குத் தொத்திக்கிச்சுன்னா கம்பெனிக்குள்ள விடமாட்டாங்க" என்றார்.

கடைசி பெஞ்சில் அந்தப் பெண் பின்னலை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். நான் நல்ல முடிவு என்று தலையாட்டினேன். ஆமாம், வெட்கமில்லாமல் தலையாட்டினேன்.

"முடியை வெட்ட வேணாம்மா" என்றார் நர்ஸ். "மருந்து போடுங்க. ஒன்பது நாள் கழிச்சு இன்னொரு தடவை போடுங்க. நடுவுல தலையை ஈரமாக்கி பேன் சீப்பால வாருங்க. பேன் சுத்தமான தலைக்கும் வரும். தனியா உக்கார வைக்கறதும் தேவையில்ல."

"முடி இருக்கறதாலதானே எம்பொண்ணைச் சொல்றாங்க" என்று சொல்லிவிட்டு அந்த அம்மா வேலைக்குத் திரும்பிப் போனார்.

நர்ஸ் என்னையும் டீச்சரையும் வராந்தாவுக்குக் கூப்பிட்டார். கையில் அட்டெண்டன்ஸ் நோட்டு. "பேன் பெரும்பாலும் தலையும் தலையும் ஒட்டுறப்போதான் ஏறும். பக்கத்துல உக்கார்ந்தவங்களுக்கு வரும். இங்க வேற மாதிரி இருக்கு. ஒண்ணுலருந்து அஞ்சாம் நம்பர் வரைக்கும் யாருக்கும் இல்ல. ஆறுலருந்து பதினாலு வரைக்கும் ஒருத்தர் விடாம இருக்கு. அதுக்கப்புறம் அங்கங்க ஒண்ணு ரெண்டு பேருக்குத்தான். நம்பர் வரிசையில ஏதாவது செஞ்சீங்களா?"

டீச்சர் யோசித்தார். "போட்டோ எடுத்தோம்."

இரண்டு பேரும் என் சட்டைப்பையைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். பின்னல்காரி ஒன்பதாம் நம்பர். ஆறாம் நம்பர் என் மகள்.

"தண்ணியில முக்கி முக்கித்தான்..." என்று இழுத்தேன்.

"தண்ணியில முக்கினா பேன் சாகாது சார்" என்றார் நர்ஸ். நோட்டை மூடி டீச்சரிடம் கொடுத்தார். இரண்டு பேரும் நாகரிகமானவர்கள்; நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் விஷயம் அந்த வராந்தாவோடு போயிருக்கும். வீடு வரைக்கும் அந்த எண்ணத்தோடுதான் நடந்தேன் என்பதை மறைப்பானேன்.

சாயங்காலம் சலூனுக்குப் போனேன். அம்மாவும் மகளும் பெஞ்சில் முறைக்குக் காத்திருந்தார்கள். பிள்ளையின் முகம் அழுது வீங்கியிருந்தது. சீப்பு விவகாரத்தை மென்று விழுங்கிச் சொல்லி முடித்தேன். யாரிடமிருந்து தொடங்கியது என்பதை மட்டும் சொல்லவில்லை.

அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "அத்தனை பிள்ளைங்க முன்னாடி கையை நீட்டிட்டு, இங்க வந்து காதோரமா சொன்னா என்ன சார் அர்த்தம்? அங்க வந்து சொல்லுங்க. நாளைக்கு ஒரு நாள் பாக்குறேன். இல்லன்னா இந்த முடி இருக்காது." மகளை எழுப்பிக் கூட்டிப் போனார்.

சீப்பு என்னுடையது என்று சொல்வதில் எனக்குக் கஷ்டமில்லை. போனால் மானம்தானே, அதில் ஏற்கெனவே பாதி போய்விட்டது. ஆறாம் நம்பரைச் சொன்னால் நாளைக்கு என் பிள்ளை கடைசி பெஞ்சுக்குப் போவாள். அதுதான் கஷ்டம். நல்லவேளையாக, மனைவி என் தலையிலும் வாரிப் பார்த்து இரண்டு பேன் எடுத்தாள். கலைஞனுக்கு அழகு என்று நான் தோள் வரை வளர்த்த முடி ஒருவழியாகப் பயன்பட்டது.

மறுநாள் காலையில் வகுப்பின் முன்னால் நின்றேன். "என் சீப்பாலதான் உங்க வகுப்புல பேன் பரவிச்சு. இந்தப் பொண்ணு மேல ஒரு தப்பும் இல்ல. நான் சொன்னது பொய். மன்னிச்சிடும்மா" என்றேன்.

"அப்போ முதல்ல யாருக்கு அங்கிள் இருந்துச்சு?" என்று முன்பெஞ்சிலிருந்து ஒரு வாண்டு கேட்டது.

"எனக்குத்தான்" என்று தலையைக் குனிந்து காட்டினேன். வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. நினைத்ததைவிட நன்றாகவே நடித்துவிட்டேன் என்று உள்ளுக்குள் ஒரு பெருமைகூட வந்தது. அப்போது என் மகள் எழுந்தாள்.

"அப்பா சும்மா சொல்றாரு. எனக்குத்தான் முதல்ல இருந்துச்சு. போட்டோவுக்கு முன்னாடியே அரிச்சுது. இவளைத் தனியா உக்கார வெச்சப்போ எனக்குத் தெரியும். பயந்துட்டு சொல்லல."

யாரும் சிரிக்கவில்லை. அவள் பையை எடுத்துக்கொண்டு கடைசி பெஞ்சுக்குப் போய் நின்றாள். பின்னல்காரி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பின்னலை எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள். பிறகு கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.

நான் இன்னும் குனிந்த தலையோடு நின்றிருந்தேன். நிமிர்ந்து என் மகள் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.