கடைசிச் சுட்டி

ஆல்டன் ஸ்ப்ரோல் கண் விழித்தபோது காலில் ஷூ இருந்தது.

முந்தின இரவு பிரசார அலுவலகத்திலிருந்து வந்தவன் அப்படியே கட்டிலில் விழுந்திருந்தான். தோற்றுவிட்டார்கள். ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் கல்யாணம் செய்துகொள்ளலாம் என்று அந்த வசந்தத்தில்தான் அமெரிக்காவின் மேய்ன் மாநிலச் சட்டசபை சட்டம் போட்டிருந்தது. நவம்பரில் மக்கள் ஓட்டுப் போட்டு அதை ரத்து செய்துவிட்டார்கள். இரண்டாயிரத்து ஒன்பது அது.

பக்கத்துத் தலையணை குளிர்ந்திருந்தது. லூசியன் விடியும் முன்பே பேக்கரிக்குப் போய்விடுவான். போகும்போது ஆல்டன் மேல் போர்வையை இழுத்துவிட்டுப் போயிருந்தான். ஷூவைத் தொடவில்லை. தொட்டால் எழுந்துவிடுவான் என்று நினைத்திருக்கலாம்.

மேஜைமேல் கைபேசி அதிர்ந்துகொண்டே இருந்தது. ஆல்டன் எடுத்துப் பார்த்தான்.

வாழ்த்துகள், என்றது ஒரு செய்தி.

யாரோ குத்திக்காட்டுகிறார்கள் என்று நினைத்தான். அடுத்ததும் அதையேதான் சொன்னது. அதற்கடுத்தது, 'அவர் என்ன சொன்னார்? சீக்கிரம் சொல்லுங்கள், அலுவலகத்தில் எல்லாரும் காத்திருக்கிறோம்' என்று கேட்டது.

அப்போதுதான் அவனுக்கு நினைவு வந்தது. எழுந்து உட்கார்ந்தான். மணி ஒன்பதைத் தாண்டியிருந்தது.

பல வருடங்களாக அவன் வலைப்பதிவு காலை ஒன்பது மணிக்கு வெளியாகும். இணையத்தில் அவன் பொறுக்கியெடுத்த சுட்டிகள், அதாவது லிங்க்குகள்தான் பதிவு. முதலில் அரசியல். அடுத்து, எந்த மாநிலத்தில், எந்த நீதிமன்றத்தில் கல்யாண வழக்கு எதுவரை வந்திருக்கிறது என்ற விவரம். பிறகு பழைய சோப்பு விளம்பரம், பாடிக்கொண்டே பல் பிடுங்கும் டாக்டர் என்று என்னென்னவோ. கடைசிச் சுட்டி சிரிப்பதற்கு மட்டும். பாதிப் பேர் கீழிருந்துதான் படிக்கத் தொடங்குவார்கள் என்பது அவனுக்குத் தெரியும்.

தேர்தலுக்கு முன்னால் அவன் இரண்டு பதிவுகள் எழுதி வைத்திருந்தான். ஒன்று ஜெயித்தால். இன்னொன்று தோற்றால். ஜெயித்தால் போடவேண்டியதற்கு நேரம் குறித்து வைத்தான், தானாகவே வெளியாகும்படி. தோற்றால் மாற்றிக்கொள்ளலாம் என்பது கணக்கு. தோற்றபோது அந்தக் கணக்கு நினைவில் இல்லை.

பதிவு ஒன்பது மணிக்கு வெளியாகியிருந்தது. 'ஜெயித்துவிட்டோம்' என்பது அதன் முதல் வரி. கடைசிச் சுட்டியில் ஒரு புகைப்படம். பேக்கரியின் பின்பக்கத்தில், கவிழ்த்துப் போட்ட வாளிமேல் உட்கார்ந்து, லூசியன் பன்றிக்கறி அடைத்த தூர்த்தியேர் அப்பம் தின்கிறான். வாய் திறந்திருக்கிறது. கீழே ஒரே வரி: லூசியன் கரோன், என்னைக் கல்யாணம் பண்ணிக்கிறாயா?

ஆல்டன் பதிவை அழிக்கப் போனான். அழித்துப் பயனில்லை. நியூயார்க்கில் பெரிய தளம் ஒன்று அந்தப் படத்தை எடுத்துப் போட்டுவிட்டது. அன்றைய அவர்களுடைய பட்டியலில் கடைசிச் சுட்டி அதுதான். இன்னும் நாலைந்து பேர் அங்கிருந்து எடுத்திருந்தார்கள். 'தோற்ற காலையில் ஜெயித்தோம் என்று எழுதிவிட்டுக் கல்யாணத்துக்குக் கேட்கிறான். என்ன நெஞ்சழுத்தம்!' என்று ஒருத்தி எழுதியிருந்தாள். படித்ததும் அழுதேன் என்று இன்னொருவர்.

அவன் அந்த வரிகளை இரண்டு முறை படித்தான். ஒரு கணம் அது அவனுக்குப் பிடித்திருந்தது.

பிறகு கோட்டை மாட்டிக்கொண்டு ஓடினான். லூசியன் இணையம் பார்ப்பதில்லை. அவன் கைபேசி மணியடிக்கும், அவ்வளவுதான். யாரும் சொல்வதற்குள் போய்விட்டால் தேவலை.

தெருவில் இரு தரப்புப் பலகைகளும் புல்வெளிகளில் நின்றுகொண்டிருந்தன. லூசியனின் அம்மா லோரெட் வீட்டைத் தாண்டித்தான் போகவேண்டும். அவள் வாசலில் நின்ற பலகை சட்டத்தை ரத்து செய்யச் சொன்ன பலகை. கோடையிலிருந்தே அங்கே நிற்கிறது. மகனோ, ஆல்டனோ அதைப்பற்றி அவளிடம் பேசியதில்லை. அவளும் பேசியதில்லை. அன்றைக்கு அவள் காரைக் காணோம்.

பேக்கரியில் கூட்டம். கல்லாவில் வெர்னா. ஆல்டனைப் பார்த்ததும் கையிலிருந்த ரொட்டியை வைத்துவிட்டாள்.

"வாய்யா மாப்பிள்ளை."

வரிசையில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள்.

"அவனுக்குத் தெரிஞ்சிருச்சா?"

"தெரியாம? பாஸ்டன்லேருந்து என் பொண்ணு போன் பண்ணினா. நான்தான் போய்ச் சொன்னேன்."

"என்ன சொன்னான்?"

"ஒண்ணும் சொல்லல. மாவைப் போட்டு அடிச்சுக்கிட்டிருக்கான். போ உள்ள. ரொட்டியெல்லாம் இன்னைக்குக் கல்லாட்டம்தான் வரப்போகுது."

உள்ளே லூசியன் மேஜைக்கு முன்னால் நின்றிருந்தான். முழங்கைவரை மாவு. திரும்பிப் பார்க்கவில்லை.

"ஷூவோட தூங்கினியே, பெட்ஷீட்டை யார் துவைக்கிறது?"

"நான் துவைக்கிறேன். லூசியன், அது வந்து…"

"பக்கெட் மேல உக்காந்து தின்னுட்டிருக்கேன். வாய்ல பாதி, கைல பாதி. வேற போட்டோவே கிடைக்கலையா உனக்கு?"

"எனக்குப் பிடிச்ச போட்டோ அது."

"போஸ்ட்மேன் வந்தாரு. என் மூஞ்சியப் பாக்கல. நேரா வயித்தைப் பாத்தாரு, சிரிச்சாரு, ரொட்டி வாங்கிட்டுப் போனாரு." மாவைத் தூக்கி மேஜையில் அறைந்தான். "எனக்கு முன்னாடி என்ன போட்டிருந்தே?"

"என்னது?"

"எனக்கு முந்தின லிங்க். அது என்ன?"

ஆல்டன் தயங்கினான். "பியானோ வாசிக்கிற கோழி."

"கோழிக்கு அப்புறம் நான்."

"எல்லாரும் காத்திருந்து பாக்கிறது அந்தக் கடைசி லிங்க்கைத்தான். அதனாலதான் உன்னை அங்க வெச்சேன்."

"நல்லா வாசிச்சுதா?"

"யாரு?"

"கோழி."

"சுமாரா."

லூசியனின் உதட்டோரம் லேசாக அசைந்தது. உடனே சரியாகிவிட்டது. கையைத் துடைத்துக்கொண்டு முதல் தடவையாகத் திரும்பினான்.

"ஒண்ணு கேக்கிறேன், நேரா சொல்லு. வேணும்னே விட்டியா, தவறிப் போச்சா?"

படித்த வரிகள் ஆல்டன் கண்முன் வந்தன. வேண்டுமென்றே என்று சொன்னால் யாரும் மறுக்க முடியாது. நியூயார்க்கிலிருந்து அத்தனை பேரும் அவன் பக்கம்.

"தவறிப் போச்சு," என்றான். "மாத்தணும்னு நினைச்சிருந்தேன். மறந்து தூங்கிட்டேன்."

"வெர்னா பொண்ணு சொல்றா, நீ பெரிய வீரனாம். தோத்த அன்னைக்கே அவங்க மூஞ்சில அறைஞ்ச மாதிரி கேட்டியாம்."

"வீரனெல்லாம் இல்ல. ஷூவோட தூங்கினவன்."

லூசியன் மூச்சை விட்டான். "நல்ல வேளை. வேணும்னே செஞ்சேன்னு சொல்லியிருந்தா இந்த வாசல் வழியாவே உன்னை வெளில தள்ளியிருப்பேன். கோடை பூரா உன் பின்னாலயே வீடு வீடா வந்தேன். எங்கம்மாவோட சேர்ந்து மாதா கோயிலுக்குப் போறவங்க வீட்டுக் கதவையெல்லாம் தட்டி நோட்டீஸ் குடுத்தேன். சரி, உனக்காகச் செய்யலாம். என்னையே நோட்டீசா அடிச்சு விட்டேன்னா அப்புறம் நான் எங்க போவேன்?"

"கேட்டது தவறிப் போனது இல்ல," என்றான் ஆல்டன். "நாள்தான் தவறிப் போச்சு."

"இனிமே கேட்டு என்ன? கல்யாணக் கடையை நேத்தோட மூடிட்டாங்க. மூடின கடை வாசல்ல நின்னு, உனக்கு என்ன வேணும்னு என்னைக் கேக்கிறே."

பின்கதவு திறந்தது. லோரெட் கரோன் உள்ளே வந்தாள். கோயிலுக்குப் போடும் கறுப்புக் கோட்டு. மூக்குக் கண்ணாடி கயிற்றில் தொங்கியது. காலால் கதவைச் சாத்திவிட்டு மகனைப் பார்த்தாள்.

"பதில் சொன்னியா?"

"எதுக்கு?"

"இவன் கேட்டதுக்கு."

"உனக்கு யாரும்மா சொன்னது?"

"யார் சொல்லணும்? தினம் காலைல காபியோட பாக்கிறேன். அந்தக் கடைசி ஒண்ணை மட்டும். மேல இருக்கிறதைப் படிச்சா எனக்கு ரத்தக்கொதிப்பு ஏறுது." ஆல்டனைப் பார்க்காமலே சொன்னாள். "இன்னைக்கு ஏதாவது பூனை இருக்கும்னு பாத்தா நீ இருக்கே. வாயை மூடிக்கிட்டுத் தின்னுடான்னு உனக்கு எத்தனை வயசுலேருந்து சொல்றேன்?"

"அம்மா, வாசல்ல போர்டு வெச்சவ நீ. நேத்து ஓட்டுப் போட்டவ நீ. ஜெயிச்சவளும் நீ. இப்ப வந்து பதில் கேக்கிறியா?"

"போட்டேன். இல்லேங்கல. இன்னைக்கு மறுபடி வெச்சாலும் அப்படித்தான் போடுவேன். பாதிரியார் சொன்னாருன்னு இல்ல. எனக்கே அப்படித்தான் படுது."

லூசியன் மாவை ஓரமாகத் தள்ளினான்.

"அது வேற," என்றாள் லோரெட். "ஊரே பாக்க ஒருத்தன் உன்னைக் கேட்டுட்டு நிக்கிறான். வேணும்னா வேணும்னு சொல்லு. வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லு. அவனைத் தொங்கவிடாதே. உங்கப்பா கேட்டப்போ நான் ஒரு வாரம் இழுத்தடிச்சேன். மனுசன் ராத்திரியெல்லாம் பல்லைக் கடிச்சுக் கடிச்சு ஒரு பல்லே போயிருச்சு. சாகிற வரைக்கும் அதைச் சொல்லிக் காட்டினார்."

"சட்டம்தான் இல்லையேம்மா."

"சட்டத்தை யார் கேட்டா? அதை நான்தான் நிறுத்திட்டேனே. நான் பதிலைக் கேக்கிறேன்."

ஆல்டன் அவள்மேல் கோபப்பட விரும்பினான். அவளைப் போன்றவர்களுக்குப் பதில் சொல்லியே பல பதிவுகள் எழுதியிருக்கிறான். எல்லாம் நன்றாக எழுதப்பட்டவை. அவற்றில் ஒரு வரிகூட இப்போது வாயில் வரவில்லை. அவன் அவள் கைகளைப் பார்த்தான். ஒரு கையில் பழுப்புக் கையுறை. மற்றதில் நீலம். கண்ணில் பட்டதை மாட்டிக்கொண்டு கிளம்பியிருக்கிறாள்.

லூசியனும் அதைப் பார்த்தான். கொஞ்ச நேரம் பார்த்தான்.

"திரும்பக் கேளு," என்றான் ஆல்டனிடம்.

"இங்கயா?"

"இங்கதான். கம்ப்யூட்டர் இல்லாம."

"அம்மா இருக்காங்களே."

"இருக்கட்டும். ஊர் விஷயத்துல அவங்க ஓட்டுப் போட்டாச்சு. இதுல அவங்களுக்கு ஓட்டு இல்ல."

லோரெட் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

ஆல்டன் கேட்டான். எழுதியிருந்ததைப் போல அது ஒரே வரியாக வரவில்லை. நடுவில் இருமல் வந்தது. பெயரை இரண்டு தடவை சொன்னான்.

"சரி," என்றான் லூசியன்.

கல்லாவில் யாரோ சில்லறை கேட்பதும் வெர்னா அதட்டுவதும் உள்ளே கேட்டன.

"சரிதான். ஆனா எப்போன்னு கேக்காதே. சட்டம் இருக்கிற மாசசூசெட்ஸுக்குப் போய்ப் பண்ணிக்கிட்டு வரலாம்கிற கதையெல்லாம் வேண்டாம். இந்த ஊர் சிட்டி ஹால்ல, தினம் என்கிட்ட ரொட்டி வாங்குற கிளார்க் கல்யாண லைசென்ஸ் எழுதித் தரணும். அது வரைக்கும் இருப்பியா?"

"எத்தனை வருஷம் ஆனாலும்."

"பல்லைப் பாத்துக்க."

லோரெட் மூக்கால் ஒரு சத்தம் எழுப்பினாள். சிரிப்பா என்று சொல்ல முடியாது. வாழ்த்தவில்லை. தட்டிலிருந்து ஒரு ரொட்டியை எடுத்துக் கையிடுக்கில் வைத்துக்கொண்டு கதவுவரை போனாள்.

"அந்தப் படத்தை எடுத்துடு," என்று ஆல்டனிடம் சொன்னாள். "அதுல அவன் அசிங்கமா இருக்கான்."

அவள் போனதும் லூசியன் மறுபடியும் மாவில் கை வைத்தான்.

"இன்னொண்ணு. இதை எழுதாதே."

"காத்துக்கிட்டிருக்காங்க லூசியன். ஆயிரக்கணக்குல."

"நீ கேட்டதை அவங்க பாத்தாச்சு. நான் சொன்னது நம்ம மூணு பேருக்கு."

"வெர்னா?"

"நாலு. ஒட்டுக் கேட்டிருப்பா."

"கேட்டேன்," என்றது வெளியிலிருந்து வெர்னாவின் குரல்.

மறுநாள் ஒன்பது மணிக்குப் பதிவு வெளியானது. எந்த மாவட்டத்தில் எவ்வளவு ஓட்டு விழுந்தது என்பது முதலில். அடுத்து, வேலை செய்தவர்களுக்கு நன்றி. முந்தின நாள் பதிவு மறதியால் வெளியானது, அதில் வீரம் ஒன்றுமில்லை என்று ஒரு வரி. பிறகு நீதிமன்றச் செய்திகள். கடைசிச் சுட்டியில் நார்வேயில் ஒரு லாமா, கம்பளி போர்த்த குட்டி ஒட்டகம் போன்ற பிராணி, குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து கேரட்டை எடுத்தது.

பின்னூட்டங்களில் கொதித்தார்கள். லாமா யாருக்கு வேண்டும்? அவர் என்ன சொன்னார்? மறுத்துவிட்டாரா? ஜார்ஜியாவிலிருந்து ஒரு பெண், தூக்கமே வரவில்லை என்று எழுதியிருந்தாள். ஆல்டன் யாருக்கும் பதில் எழுதவில்லை. விரல்கள் விசைகளின் மேல் இருந்தன. எடுத்துக்கொண்டான்.

மத்தியானம் லூசியன் வீட்டுக்கு வந்தான். தூர்த்தியேர் ஒரு துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, வழக்கமில்லாத வழக்கமாக, ஆல்டன் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"அம்மா போன் பண்ணினாங்க. லாமா பரவால்லையாம். இருந்தாலும் பூனைதான் வேணுமாம்."

"போர்டு இன்னும் இருக்கா?"

"இருக்கு. காட்டு, அந்த லாமாவைப் பாப்போம்."

ஆல்டன் காட்டினான். லாமா மூக்கால் கதவைத் தள்ளியது. கேரட்டைக் கவ்வியது. போகும்போது பின்னங்காலால் கதவைச் சாத்தியது. லூசியன் சிரித்தான். வாயில் பாதி, கையில் பாதி. மடியெல்லாம் துணுக்குகள்.

ஆல்டனின் கை தன்னையறியாமல் சட்டைப் பைக்குப் போனது. கைபேசி அங்கே இருந்தது.

"கையை வெளில எடு," என்றான் லூசியன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஆல்டன் கையை வெளியே எடுத்தான்.