பூட்டுக்காரர் வாங்கிய வலிகள்

பூட்டுக்காரர் தம் வாயில் ஒரு சொத்தைப் பல்கூட இல்லாமலேயே பதினோரு ஆண்டுகள் பல்வலியால் துடித்தார். அந்த வலி தபால்காரருடையது. ஒரு செவ்வாய்க்கிழமை தபால்காரர் வீங்கிய கன்னத்தோடு கடிதம் கொடுக்க வந்தார். பார்க்க மனம் பொறுக்காமல் பூட்டுக்காரர் அவர் கையைப் பிடித்து, "ஐயோ பாவம், இதை எனக்குக் குடுத்துட்டுப் போங்களேன், நான் வாங்கிக்கிறேன்" என்று சொல்லித் தொலைத்துவிட்டார். வலி அந்த நிமிடமே கை மாறியது. சொத்தையும் வீக்கமும் தபால்காரரிடமே இருந்தன. அவர் மிச்சக் கடிதங்களைச் சீட்டியடித்துக்கொண்டே கொடுத்து முடித்தார், பூட்டுக்காரர் அன்று அரை நாள் கடையைச் சாத்தினார்.

செய்தி மாலைக்குள் காத்திருப்போர் சபைக்குப் போயிற்று. அந்தச் சபையார் நானூறு ஆண்டுகளாக மீட்பர் ஒருவருக்காகக் காத்திருப்பவர்கள். கூடத்தின் நடுவில் அவருக்கென்று ஒரு நாற்காலி உண்டு. வாரந்தோறும் முறை வைத்து அதைத் தூசி தட்டுவார்கள், யாரும் உட்காரமாட்டார்கள். வரப்போகிறவர் பிறர் பாடுகளைத் தம் உடம்பில் சுமப்பார், அதனாலேயே சாவார், அன்றோடு எல்லாருடைய துன்பமும் தீரும் என்று அவர்கள் நூல் சொல்கிறது. பூட்டுக்காரரோ கூடத்துக் கதவின் பூட்டு சிக்கிக்கொண்டால் மட்டும் அந்தப் பக்கம் போகிறவர். அதையெல்லாம் யார் கேட்டார்கள்? மரக்கடை வைத்திருந்த சபைத் தலைவர் தம் முழங்கால் வலியைக் கொடுத்துப் பார்த்து, படிகளை இரண்டிரண்டாக ஏறி இறங்கி, அத்தாட்சி இதுவே போதும் என்றார். மறுநாள் காலை பூட்டுக்காரரை நாற்காலியில் உட்காரவைத்தார்கள், வாசல் தாண்டி வரிசை நின்றது.

முதலில் பெரிய வலிகள்தான் வந்தன. போகப் போக, செருப்புக் கடித்தவர்களும் தலைவாரும்போது சிக்கெடுத்தவர்களும் வந்தார்கள். பல் வைத்தியர் மரத்துப்போகும் ஊசி வாங்குவதையே நிறுத்திவிட்டு, பிடுங்குமுன் ஆளை ஒரு நடை கூடத்துக்கு அனுப்பினார். பூட்டுக்காரர் வந்தவர்களைப் பார்த்துச் சிரிப்பது சபைக்குப் பெரிய சங்கடமாக இருந்தது. முகத்தில் கொஞ்சம் பாடு தெரிந்தால் விசுவாசிகளுக்கு நல்லது என்று தலைவர் பணிவாகக் கேட்டுக்கொண்டார். பூட்டுக்காரரும் பாவம், ஞாயிறுகளில் மட்டும் முனகினார்.

சலவைக் கடையில் இஸ்திரி போட்டுவந்த அவர் மனைவிக்கு இதெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. "முடியாதுன்னு சொல்ல உங்களுக்கு வாயே வராதா?" என்று கேட்டால், "வந்து நிக்கிறவங்க மூஞ்சியப் பாத்துட்டு எப்படிடி சொல்றது?" என்பார். கையில் இஸ்திரிப் பெட்டி சுட்டதை அவள் முழுக்கை ரவிக்கைக்குள் மறைத்துக்கொண்டாள். சொந்த வலியைத் தானே வைத்துக்கொண்டவள் அந்த ஊரில் அவள் ஒருத்திதான்.

பதினோராம் ஆண்டு, இன்னொரு பெரிய வலியை இவர் இதயம் தாங்காது என்று டாக்டர் கைவிரித்தார். அவள் ஓடிப்போய் அதைச் சபைத் தலைவரிடம் சொன்னாள், வரிசையை நிறுத்திவிடுவார் என்று நம்பித்தான் சொன்னாள். தலைவருக்குக் கண் கலங்கிவிட்டது. எல்லாம் நூலில் உள்ளபடியே நடக்கிறதம்மா என்று கைகூப்பினார். அவருக்கே அப்போது சிறுநீரகத்தில் கல். விட்டு விட்டு வந்த வலியைப் பல்லைக் கடித்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைக்காகப் பொறுத்துவைத்திருந்தார். புதுச் சட்டைக்கு என்று சொல்லி பூட்டுக்காரரை ஆள் விட்டு உச்சியிலிருந்து பாதம்வரை அளவெடுக்கவும் செய்தார்.

வெள்ளிக்கிழமை சலவைக் கடைக்கு ஒரு வெள்ளைத் துணி வந்தது. அதில் குத்தியிருந்த சீட்டில், உயரம் ஆறடி இரண்டங்குலம், தலைமாட்டிலும் கால்மாட்டிலும் ஒரு சாண் விட்டுத் தைத்தது, ஞாயிறு காலை சபைக்கு வேண்டும் என்று எழுதியிருந்தது. ஆறடி இரண்டங்குலத்தில் அந்த ஊரில் ஒரே ஆள்தான் உண்டு. இது சட்டைக்கான துணி அல்ல, பிணத்தைப் போர்த்தும் துணி என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் கைப்பழக்கம் விடவில்லை, கடைசிச் சுருக்கம்வரை எடுத்து மடித்து, அக்குளில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

ஞாயிறன்று தலைவர் நாற்காலிக்கு எதிரே நின்று கையை நீட்டியபோது, அவள் வரிசையை இடித்துத் தள்ளிக்கொண்டு வந்து தன் புருஷன் கையைப் பிடித்தாள். ஒருவர் வருவார் என்றுதான் நூலில் இருந்தது. அதனால் இன்னொருவரால் முடியுமா என்று நானூறு ஆண்டுகளில் யாரும் முயன்றுகூடப் பார்த்ததில்லை. அவளும் அதை யோசித்து வரவில்லை, பொறுக்க முடியாமல்தான் வந்தாள். "குடுங்க, நான் வாங்கிக்கிறேன்" என்றாள். பல்லும் முழங்காலும் முதுகும் ஒன்றாக வந்து இறங்க, அவள் நாற்காலிக் காலடியில் உட்கார்ந்துவிட்டாள்.

"இவ்வளவா?" என்றாள்.

"பாதிதான் வந்திருக்கு" என்றார் அவர்.

கூடத்தில் எல்லாரும் தங்கள் செருப்பைப் பார்த்தார்கள். சிலர் பின்வாசல் வழியாக நழுவினார்கள். தபால்காரர்தான் முதலில் முன்னால் வந்து, "என் பல்லை மட்டும் குடும்மா, அது என்னோடது" என்று கை நீட்டினார். பிறகு சிக்கெடுத்தவள் வந்தாள், முதுகுவலியைக் கொடுத்திருந்த வண்டிக்காரர் ஒருவர் வந்தார். தலைவர் நீட்டிய கை நீட்டியபடியே நின்றது. பிடிப்பார் இல்லாமல் அவருடைய வலி அவரிடமே முழுதாக வந்துசேர்ந்தது.

மறுநாள் சபை கூடி மூன்று மணி நேரம் பேசி, நடந்தது நூலில் இல்லாததால் நடக்கவில்லை என்று தீர்மானம் போட்டது. நாற்காலி இன்றும் காலியாக இருக்கிறது, தூசி தட்டும் முறையும் தவறுவதில்லை. ஊரில் இப்போது யாருக்காவது தலைவலி என்றால் பக்கத்து வீட்டார் கொஞ்ச நேரம் வாங்கிக்கொள்கிறார்கள், பிறகு திருப்பிக் கொடுக்கிறார்கள். பல் வைத்தியர் மறுபடியும் ஊசி வாங்குகிறார். தலைவரின் கல் கரையும்வரை பூட்டுக்காரர் மனைவியும் புதன்கிழமைதோறும் திட்டிக்கொண்டே போய், "கால் மணி நேரந்தான், அப்புறம் உங்க மச்சானைக் கூப்பிடுங்க" என்று கையைப் பிடித்தாள்.

அந்த வெள்ளைத் துணியை அவள் திருப்பிக் கொடுக்கவில்லை. கட்டிலில் விரித்துவிட்டாள். அவருக்கென்றே அளவெடுத்தது அல்லவா, தலைமாட்டிலும் கால்மாட்டிலும் ஒரு சாண் மிச்சம் வைத்துச் சரியாக இருந்தது. அகலம்தான் இரண்டு பேருக்குப் பற்றவில்லை, ஒட்டிப் படுத்துக்கொள்கிறார்கள்.