படத்தின் பின்பக்கம்

தடதடவென்று யாரோ ஷட்டரைத் தட்டினார்கள். பாதி இறக்கியிருந்த தகரம் அதிர்ந்ததில் ஜெயசீலன் கையிலிருந்த குப்பூஸ் ரொட்டி சால்னாவிலேயே விழுந்தது. மணி ஒன்றே முக்கால். அந்த நேரத்தில் ஷார்ஜாவில் இந்தத் தெருவே அடைத்துக் கிடக்கும். நான்கு மணிக்கு முன்னால் படத்துக்கு ஃபிரேம் போட ஒருவரும் வரமாட்டார்கள்.

இந்த வாரம் எதிர்பாராத எந்தச் சத்தமும் அவனுக்குப் பயம்தான். வியாழக்கிழமை விமானம். மூன்று வருஷம் கழித்து லீவ். போனில் மட்டுமே பார்த்த மகள் ரக்ஷிதாவை முதல்முறை தூக்கப்போகிறான். பாஸ்போர்ட் மட்டும் இன்னும் முதலாளி சாதிக் பாட்ஷாவின் மேஜை டிராயரில் இருக்கிறது.

குனிந்து உள்ளே வந்தவள் தமிழ்ப் பெண். பெயர் தாரிணி. ஓவியங்களைச் சோதித்து என்ன விலை பெறும் என்று சொல்வது அவள் தொழில். முதலாளி விற்கப்போகும் அமெரிக்கப் படத்தைப் பார்க்க, அதை வாங்கவிருக்கும் அபுதாபிக்காரர் ஈசா அனுப்பியிருந்தார். அடுத்த வாரம் வரவேண்டியவள், இந்தப் பக்கம் வேறு வேலை இருந்ததால் இன்றைக்கே வந்துவிட்டாள். ஜெயசீலன் முதலாளிக்குப் போன் செய்தான். துபாயில் இருந்தவர், வருகிறேன், அதுவரை எதையும் தொடாதே என்றார்.

ஆனால் அவள் காத்திருக்கவில்லை. படத்தை மேஜையில் வைக்கச் சொல்லி, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தாள். ஒரு ஆறு, அதன் வளைவில் மலை, முன்னால் இடி விழுந்து கருகிய மரம். காலிசெய்த ஒரு வில்லாவிலிருந்து முதலாளி வாங்கிவந்தது.

அவள் பேசிக்கொண்டே பார்த்தாள். நூற்றெண்பது வருஷத்துக்கு முன்னால் நியூயார்க் பக்கத்து மலைகளைப் நூற்றுக்கணக்கானவர்கள் வரைந்தார்களாம். கையெழுத்தில்லாத படத்துக்கு ஒரு நல்ல கம்பளத்தின் விலைகூடக் கிடைக்காது. அதே படம் அந்தக் காலக் கண்காட்சியில் இருந்ததற்குப் பின்பக்கம் அத்தாட்சி இருந்தால் ஒரு வில்லாவே வாங்கலாம். சொல்லிவிட்டு, முதலாளி ஈசாவுக்கு அனுப்பியிருந்த போட்டோவைக் காட்டினாள். படத்தின் பின்பக்கம்; கான்வாஸை இழுத்து அடித்திருந்த பழைய மரச்சட்டம்; அதில் மஞ்சளேறிய ஒரு லேபிள்.

"திருப்புங்க. அதைத்தான் பார்க்கணும்."

ஜெயசீலன் படத்தின் ஓரத்தைப் பிடித்தான்.

திருப்பினான். பின்பக்கம் முழுக்க அவன் கையால் ஒட்டிய புத்தம்புது பிரவுன் பேப்பர். அவள் பிளேடால் கீறினாள். உள்ளே புதுச்சட்டம், துடைத்து எடுத்த துணி. ஒரு கறைகூட இல்லை.

ஃபிரேம் போடுகிறவர்களின் வழக்கம் அது. பின்பக்கம் அழுக்காக இருந்தால் வேலை அரைகுறை என்று கஸ்டமர் காசைக் குறைப்பான். போன வாரம் முதலாளி, முன்னால் ஃபிரேமை மட்டும் மாத்து, பின்னால கை வைக்காதே என்று தெளிவாகச் சொல்லியிருந்தார். இவனுக்குத்தான் மனசு கேட்கவில்லை. ஊருக்குப் போகுமுன் செய்யும் கடைசி வேலை நறுவிசாக இருக்கட்டும் என்று பின்னாலிருந்த சட்டத்தையும் மாற்றிவிட்டான்.

"பழைய சட்டம் எங்கே?" என்றாள்.

அது பரணில், கட்டி வைத்த அவன் பெட்டிக்குள் இருந்தது. அறுத்து, மகள் போட்டோவுக்கு ஒரு சின்ன ஃபிரேம் செய்திருந்தான். குப்பையில் போட்டேன் என்றால் வில்லா விலையுள்ள பொருளை அழித்தவன். எடுத்துக் காட்டினால் அதைத் திருடி ஊருக்குக் கொண்டுபோகப் பார்த்தவன். எப்படிப் பார்த்தாலும் போலீஸ், கேஸ், பயணத்தடை.

பொய் சொல்லிப் பழக்கமில்லை. பெட்டியைத் திறந்து கொண்டுவந்து வைத்தான். குழந்தையின் படத்தைச் சுற்றி நான்கு துண்டு மரம். மேல் துண்டில் அந்த லேபிள் முழுசாக இருந்தது.

"தெரியாமச் செஞ்சிட்டேன் மேடம். திருடணும்னு இல்ல. பிள்ளைக்குன்னு..."

அவள் லேபிளைப் பார்க்கவே இல்லை. மரத்தின் அறுத்த முனையை லென்ஸால் வெகுநேரம் பார்த்தாள். வெளியே பழுப்பு, உள்ளே பால் வெள்ளை.

"அறுக்கும்போது எப்படி இருந்துச்சு?"

யோசித்துச் சொன்னான். ரம்பத்தில் பிசின் ஒட்டியது. மண்ணெண்ணெய் போட்டுத் துடைக்கவேண்டியிருந்தது. அறையெல்லாம் பைன் வாசம்.

அவள் நிமிர்ந்தாள். நூற்றெண்பது வருஷம் காய்ந்த மரம் அப்படிப் பிசின் விடாது என்றாள். இது போன வருஷத்து மரம். யாரோ சாயம் போட்டு, லேபிளும் தயாரித்து ஒட்டியிருக்கிறார்கள். அறுக்காமல் விட்டிருந்தால் நானே ஏமாந்து அசல்தான் என்று கையெழுத்துப் போட்டிருப்பேன் என்றும், ஈசா போலீசுக்குப் போகாமல் விடமாட்டார், ஆனால் இவன் பயப்பட ஒன்றுமில்லை என்றும் சொன்னாள். மரத்துண்டுகளைப் போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

வியாழக்கிழமை விமானத்துக்கு இனித் தடையில்லை என்று ஜெயசீலனுக்குப் பட்டது. தட்டில் ஆறிப்போன சால்னாவை மறுபடி பிசையக்கூட உட்கார்ந்துவிட்டான்.

அப்போதுதான் சாதிக் பாட்ஷா வந்தார். நடந்ததை இவன் ஒன்று விடாமல் சொன்னான். அவர் கத்துவார், அடிக்கக்கூட வருவார் என்று எதிர்பார்த்தான். அவர் கேட்டுக்கொண்டே போய் ஷட்டரை முழுசாக இறக்கினார். மேஜையைச் சுற்றி வந்து டிராயரைத் திறந்து பாஸ்போர்ட்டை எடுத்தார். அதை அவன் சட்டைப் பையில் அவரே செருகி, தோளில் கை வைத்து மெதுவாகச் சொன்னார்.

"வியாழக்கிழமை வேணாம், இன்னைக்கே ஏறிடு ஜெயசீலா, லேபிள் ஒட்டினவன் ஊருக்கு ஓடிட்டான்னு நான் சொல்லிக்கிறேன்."