பெரிய எழுத்துச் சங்கம்

மார்கழி இந்த வறண்ட நாட்டுக்கு ஆரவாரமின்றி வரும். ஐப்பசியும் கார்த்திகையும் பொழிந்த நீர் கண்மாய்களில் அடங்கிக் கிடக்க, வைகறையில் அதன்மேல் எழும் பனி கரையேறி, கதிர் தாழ்ந்த வயல்களைக் கடந்து, ஆவுடையார்கோவில் மதிலைத் தொட்டு நிற்கும். பனைகளின் தலை தெரியும், அடி தெரியாது. வாசற்கோலத்தின் நடுவே சாணத்தில் செருகிய பூசணிப்பூ வெயில் காண்பதற்குள் கோயிலில் பள்ளியெழுச்சி தொடங்கிவிடும். பாடுகிறவர்கள் குரலை உயர்த்துவதில்லை. கேட்கிறவனுக்குச் செவி மந்தமில்லை என்று அறிந்தவர்கள் அவர்கள். ஆண்டின் மற்றத் திங்களெல்லாம் மனிதனை நிமிரச் சொல்லும். இது ஒன்றே, குளிருக்காகவேனும், அவனைச் சற்றுக் குறுகி நிற்கச் சொல்லும்.

இந்தத் திங்களைத்தான் வெள்ளாற்றுப் படப்பிடிப்பாளர் சங்கம் தன்னைப் பெருக்கிக் காட்டத் தேர்ந்தெடுத்தது.

சங்கத்தின் தலைவர் ரெங்கசாமி. புதுக்கோட்டையில் கடை, கடை வாசலில் மாலையணிந்த தம்முடைய படமே ஆளுயரத்துக்கு நிற்கும். கல்யாண மண்டபங்கள் அனைத்திலும் அவர் ஒரு பலகை மாட்டியிருந்தார்: சங்க உறுப்பினர் அல்லாதவர் மண்டபத்துக்குள் கேமராவைத் தூக்கினால் கேமரா பறிமுதல் செய்யப்படும். பலகை முழுவதும் ஆங்கிலப் பெரிய எழுத்து. சின்ன எழுத்தில் எழுதினால் யாரும் அஞ்சமாட்டார்கள் என்பது அவர் கொள்கை.

அந்தப் பலகைக்கு வெளியே நின்றவர்கள் ஐந்து பெண்கள். பொன்னமராவதியில் ஸ்டுடியோ வைத்திருக்கும் ரஞ்சிதாவிடம் அவர்கள் தொழில் கற்றிருந்தார்கள். தந்தையின் கடையோடு உறுப்பினர் அட்டையும் ரஞ்சிதாவுக்கு வந்து சேர்ந்திருந்தது; அவர்களுக்கு அப்படி விட்டுச்செல்லத் தந்தையர் யாருமில்லை. காதுகுத்து, வளைகாப்பு என்று வீட்டு முற்றங்களில் படமெடுத்தார்கள். மண்டபத்து வாசலை மட்டும் மிதிக்க முடியவில்லை. ரஞ்சிதா அவர்களுக்காக டிஜிட்டல் கேமராவைப் பற்றித் தமிழில் ஒரு கைநூல் எழுதினாள். அதைக் கண்ட ரெங்கசாமி கனிந்தார். “புத்தகம் சங்கத்துப் பேருல வரட்டும். வெளியீடு அன்னிக்கே மேடையில வச்சு இந்த அஞ்சு பேருக்கும் கார்டு குடுத்துருவோம்” என்றார்.

அட்டைக்காக அவள் நூலைக் கொடுத்தாள். நூலை வாங்கிய சங்கம் அதில் சொற்கள் எப்படி எழுதப்பட வேண்டும் என்று ஆராயக் கூடியது.

அந்தக் கூட்டத்தைப் புலவர் அவை என்று எண்ணிக்கொண்டவர்களும் இருந்தார்கள். ஒளியையும் நிழலையும் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. எழுத்தின் உயரத்தைப் பற்றியே பேசினார்கள். ஆங்கிலத் தொழிற்சொற்கள் எல்லாம் பெரிய எழுத்திலேயே இருக்க வேண்டும் என்றார் தலைவர். லென்ஸ் பெரிய எழுத்து. பிக்சல் பெரிய எழுத்து. கேமரா என்ற சொல்லும் அவ்வாறே.

ரஞ்சிதா எழுந்தாள். “அண்ணே, ஐஎஸ்ஓ பெரிய எழுத்துல இருக்கலாம். அது ஒரு நிறுவனத்தோட சுருக்கப் பேரு. படத்தைச் சுருக்கி வைக்கிற ஜேபெக்கும் அப்படித்தான். ரா அப்படியில்ல, அது பச்சைங்கற சாதாரணச் சொல்லு. பொண்ணுங்க கேமராவோட குமிழைப் பாத்துத்தான் படிக்கிறாங்க. அதுல ஒளித்துளையை நாமளே வைக்கிற எடத்துல பெரிய ஏ, பக்கத்துல சின்ன வி போட்டிருக்கு. புத்தகத்துலயும் அப்படியே இருந்தாத்தானே தேடிக் கண்டுபிடிப்பாங்க?”

“சின்ன வி என்னத்துக்கு? பக்கத்துல நிக்கிற எழுத்துக்கும் ஒரு மரியாதை வேணாமா?”

“லென்ஸுக்கு மில்லிமீட்டர் போடுறோம்லண்ணே, அதுல மொத எம்மைப் பெருசாப் போட்டா மில்லி போயி மெகா ஆயிரும். அம்பது போட்ட லென்ஸு ஒலகத்தையே ஒரு சுத்துச் சுத்தி வந்துரும்.”

“வரட்டுமே! நம்ம சங்கத்து லென்ஸு ஒலகத்தைச் சுத்துனா நமக்குப் பெருமைதானே?” என்றார் ரெங்கசாமி. அவை கைதட்டியது.

அடுத்து எழுந்தவர் புலவர் பழனிச்சாமி. படப்பிடிப்பாளர் அல்லர், மேடை எங்கே போடப்பட்டாலும் அங்கே இருப்பவர். பழந்தமிழில் ஊறியவர் என்று தம்மைத் தாமே அறிமுகம் செய்துகொள்வார். ஊறியவர்களுக்கு அந்த அறிமுகம் தேவைப்படுவதில்லை. அயற்சொற்களையே அகற்ற வேண்டும் என்றார் அவர். பிக்சலை ‘உருநுண்கூறு’ ஆக்கினார். ஷட்டரை ‘ஒளிவாயிற் கதவம்’ ஆக்கினார். கேமரா எடுத்தபடியே மாற்றாமல் வைத்திருக்கும் ரா கோப்புக்கு ‘வேகாப்படம்’ என்று பெயர் சூட்டி, தம் நாவன்மையைத் தாமே வியந்து கண்களை மூடினார்.

பின்வரிசையிலிருந்து ஷர்லி கேட்டாள். ஐவரில் இளையவள், நாக்கில் முள் உடையவள். “வேகாத படம் சரிங்கய்யா. அப்ப ஜேபெக்கு வெந்த படமா? பிரிண்டு போட்டா வறுவலா?”

“எகத்தாளம் பேசாத, புள்ள.”

“இல்லைங்கய்யா, கல்யாணப் பந்தி நேரத்துல ‘வேகாப்படம் எடுக்கவா’ன்னு கேட்டா மாப்ள வீட்டுக்காரங்க எந்திரிச்சுப் போயிருவாங்கல்ல, அதான் கேட்டேன்.”

சிரிப்பு எழுந்தது. புலவர் மட்டும் சிரிக்கவில்லை. பழைய பாட்டை உண்மையாகவே ஓதியவன், சொல் எவ்வளவு தூரத்திலிருந்து வந்தாலும் அதற்கு ஒரு பாய் விரித்து இடம் கொடுப்பான். மொழியின் மேல் ஏறி நின்று தன் உயரத்தைக் காட்டமாட்டான். நம் தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்று இரண்டு குலம் கிடையாது. கடவுளின் பெயரும் கடுகின் பெயரும் ஒரே உயரத்தில் எழுதப்படும். அந்த நெடுங்கணக்கின் நிழலில் பிறந்த இருவர், ஒருவர் இரவல் எழுத்தை ஏணியாக்கிக்கொண்டும் மற்றவர் இறந்த சொற்களின் எலும்பை ஊன்றுகோலாக்கிக்கொண்டும், நுனிக்காலில் நின்றார்கள். நாணம் என்ற சொல்லுக்கு மட்டும் அன்று இருவரிடமும் எழுத்து இல்லை.

முடிவு எளிதாயிற்று. ஆங்கிலம் எல்லாம் பெரிய எழுத்தில். அதன் கீழே புலவரின் ஆக்கங்கள். ரஞ்சிதா கேட்டாள்: “ஒத்துக்கிட்டா கார்டு உறுதிதானேண்ணே?”

“நான் சொன்னாச் சொன்னதுதான்த்தா.”

அவள் பின்வரிசையைப் பார்த்தாள். ஐந்து முகங்களும் அவளையே பார்த்தன. “சரிண்ணே, போட்டுக்கங்க” என்று உட்கார்ந்தாள்.

வெளியீட்டு விழா திருவாதிரைக்கு முந்தின நாள், ஆவுடையார்கோவில் ஊரில் ஒரு கல்யாண மண்டபத்தில். மேடையின் பின்னே அகலமான பதாகை. அதில் சங்கத்தின் பெயர் ஆங்கிலப் பெரிய எழுத்தில், ஒவ்வொன்றும் எருமைக்கன்று அளவு. நூலின் பெயரும் இருந்தது. ஆசிரியை பெயரைத் தேடினால் கிடைக்கும்.

விழா தொடங்குமுன் ரஞ்சிதா அட்டைகளைப் பற்றிக் கேட்டாள். தலைவர் சட்டைப் பையைத் தட்டிக் காட்டினார். “எல்லாம் அடிச்சு ரெடியாத்தான் இருக்கு. கையெழுத்து மட்டும் போடல. தை பொறக்கட்டும், பொதுக்குழு கூடட்டும், பாப்போம். இன்னைக்கு நல்ல காரியத்துல அதைப் போட்டுக் கொழப்பாத.”

“மேடையிலேயே தாரேன்னீங்களே?”

“தாரேன்னேன். இன்னைக்கின்னா சொன்னேன்?”

ரஞ்சிதா மேடையிலிருந்து திரும்பிப் பார்த்தாள். கீழே முதல் வரிசையில் ஐந்து பெண்களும் கேமராப் பையை மடியில் வைத்து, திறக்காமல் அமர்ந்திருந்தார்கள். அவர்களில் மூத்தவள் ராசாத்தி. மகனைச் சவூதிக்கு அனுப்பிவிட்டு, அவன் விட்டுச்சென்ற கேமராவில் தொழில் பழகியவள். மேடையில் நடந்த பேச்சு அவளுக்குக் கேட்டிருக்க வேண்டும். பையின் வாரைக் கையில் இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டாள்.

சிறப்பு விருந்தினராக வந்த மருத்துவர் நூலை உயர்த்திப் பிடித்தார். “எல்லாரும் மேடைக்கு வாங்க! பேப்பர்ல வரப்போற படம்!” என்று ஒலிபெருக்கியில் அழைத்தார் தலைவர். சங்கம் எழுந்தது. வாழ்நாளெல்லாம் பிறர் முகத்தைப் படத்தில் வைத்தவர்கள், தம் முகத்துக்கு ஓர் இடம் கிடைக்கிறது என்றதும் தோளால் இடித்து ஏறினார்கள். ஒருவர் சீப்பு எடுத்தார். ஒருவர் வேட்டியைச் சரிசெய்தார். ரஞ்சிதா ஓரத்தில் நின்றாள். எல்லாரும் பல் தெரிய எதிரே பார்த்தார்கள்.

எதிரே யாரும் இல்லை.

கீழே ஸ்டாண்டுகள் நின்றன. அவற்றின்மேல் விலையுயர்ந்த கேமராக்கள் நின்றன. பின்னால் ஆள் இல்லை. அவரவர் மற்றவர் எடுப்பார் என்று நம்பி ஏறிவிட்டார்கள்.

“டேய், எவனாச்சும் எறங்குங்கடா!”

“நீங்க எறங்குங்கண்ணே, ஒங்களுக்குத்தான் கையி நடுங்காது.”

“நான் போன வருசப் படத்துலயே இல்ல. இந்த வருசமும் நான்தானா?”

“டைமர் வைங்கப்பா.”

“வச்சுட்டு ஓடியாந்து நிக்க எடம் வேணும்ல? எறங்குனா என் எடத்துல இவன் நிப்பான்.”

மருத்துவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பார்வையாளர் ஒருவர் போனை உயர்த்தினார். “போனு வேணாங்க!” என்று தலைவர் பதறினார். “படப்பிடிப்பாளர் சங்கத்து விழாவைப் போன்ல எடுத்தான்னு நாளைக்கு ஊரே சிரிக்கும். ரஞ்சிதா, நீ கொஞ்சம் எறங்கி…”

“நூலாசிரியை படத்துல இருக்கணும்னு நோட்டீசுல போட்டிருக்கீங்களேண்ணே” என்றாள் ரஞ்சிதா, நின்ற இடத்திலிருந்து அசையாமல்.

தலைவரின் பார்வை வேறு வழியின்றி முதல் வரிசையில் வந்து விழுந்தது. “ஏ ராசாத்தி, கேமரா வச்சிருக்கீல்ல? ஒண்ணு எடு.”

ராசாத்தி மெல்ல எழுந்து சுவரில் தொங்கிய பலகையைக் காட்டினாள். “அங்கிட்டுப் பாருங்க தலைவரே. உறுப்பினர் இல்லாதவ மண்டபத்துக்குள்ள கேமராவத் தூக்கக்கூடாதுன்னு இம்புட்டுப் பெரிய எழுத்துல எழுதி வச்சிருக்கீங்க. நான் எப்புடித் தூக்குறது?”

“இன்னைக்கு ஒருநாளைக்குப் பரவால்ல.”

“ஒங்களுக்குப் பரவால்ல. பறிமுதல் ஆனா எம் மகனுக்கு யாரு பதில் சொல்றது?”

மண்டபம் சிரித்தது. மருத்துவரும் சிரித்தார். “தலைவரே, எனக்குக் கிளினிக்கில ஆளு காத்திருக்கு. அந்தம்மாவை உறுப்பினராக்கிருங்களேன்.”

“ஒருத்திக்குன்னா வேணாங்க” என்றாள் ராசாத்தி. “அஞ்சு பேருக்கும்னா எடுக்கறேன்.”

ரெங்கசாமி பதாகையைப் பார்த்தார். ஆளில்லாத எதிர்ப்புறத்தைப் பார்த்தார். படம் இல்லாத விழா அவருக்கு நடக்காத விழா. சட்டைப் பையிலிருந்த அட்டைகளை எடுத்து மருத்துவரின் முதுகில் வைத்தே கையெழுத்திட்டார். ஒவ்வொரு பெயராக ஒலிபெருக்கியில் வாசித்தார். ஐவரும் மேடையருகே வந்து வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டார்கள்.

பிறகு ராசாத்தி கேமராவை எடுத்தாள். நூலில் இடம்பெறாத அந்தச் சின்ன எழுத்தருகே குமிழைத் திருப்பி நிறுத்தினாள். மேடை அவ்வளவும், பதாகை அவ்வளவும் சட்டத்துக்குள் அடங்க வேண்டும் என்று தலைவர் கட்டளையிட்டதால், பின்னுக்கு நகர்ந்து நகர்ந்து வாசற்படி வரை போனாள். படம் நன்றாகவே வந்தது. மேலே பெரிய எழுத்துகள் ஒவ்வொன்றும் தெளிவாக இருந்தன. கீழே சங்கம் முழுவதும் உளுந்து இறைத்ததுபோல் இருந்தது. அதில் எந்த உளுந்து தலைவர் என்று மறுநாள் அவர் வீட்டாரே விரல் வைத்துத் தேடினார்களாம்.

விழா கலைந்ததும் ஆறு பெண்களும் கோயிலுக்குப் போனார்கள். வெளியில் ஷர்லி ரஞ்சிதாவின் கையைப் பிடித்தாள். “புத்தகத்தைக் கெடுத்துட்டாங்களேக்கா.”

“ஒங்க கையில இருக்கறதைக் கெடுக்க முடியலேல்ல? விடு” என்றாள் ரஞ்சிதா. தேவாலயத்துப் பிள்ளையான ஷர்லி தலையில் துப்பட்டாவை இட்டுக்கொண்டு, கேமராப் பைகளைக் காத்தபடி கோயிலின் முன்மண்டபத்துத் தூணருகே அமர்ந்தாள்.

கருவறையில் காண்பதற்கு உருவம் இல்லை. பீடமாகிய ஆவுடை உண்டு, அதன்மேல் லிங்கத் திருமேனி இல்லை. எடுக்க வருகிற எந்த லென்ஸுக்கும் அங்கே வேலையில்லை. உச்சிப்பொழுது வழிபாடு நடந்துகொண்டிருந்தது. வடித்த புழுங்கலரிசிச் சோற்றைப் படைகல்லில் சூட்டோடு பரப்பினார்கள். ஆவி எழுந்தது. அந்த ஆவியே அங்குள்ள இறைவனுக்கு அமுது.

ராசாத்தி கழுத்து அட்டையைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டு கைகுவித்தாள். ஒளி இறங்கி ஆவியைத் தொடுவதைக் கண்டதும், ரஞ்சிதாவின் வலக்கை பழக்கத்தால் தோளுக்குப் போயிற்று. அங்கே பையின் வார் இல்லை. அந்தக் கையை அவள் இறக்கி மற்றக் கையோடு சேர்த்தாள். கண்களை மூடினாள். உதடு அசைந்தது; ஓசை வரவில்லை.

உருவிலியாய் நின்று உலகுக்கு உருவளிப்பவன் இப்பெண்களின் கண்ணுக்கு ஒளி குறையாமல் காப்பானாக. அவர்கள் படமெடுக்கும் மணமனைகள் விளங்குக. கண்மாய் நிறைக, கதிர் முற்றுக. சிறிய எழுத்தும் சிறிய மனிதரும் தத்தம் இடத்தில் நிலைத்து வாழ்க.