ஏலம் போகாத வீடு

என் கணவன் கிளெம் பெரிய மானஸ்தன். அந்த மானத்தைத் தூக்கிக் குப்பையில் போட்டிருந்தால், இரண்டு வருடம் என் தங்கை லோயிஸ் வீட்டு பேஸ்மென்டில் கிடந்திருக்க மாட்டோம். இதை அவனிடமே சொல்லியிருக்கிறேன். இன்னமும் சொல்வேன்.

கண்ணாடித் தொழிற்சாலையில் அவனுடைய வேலை நேரத்தைப் பாதியாகக் குறைத்தார்கள். பள்ளிப் பேருந்து ஓட்டி நான் வாங்கும் சம்பளம் சாப்பாட்டுக்கும் ஹீட்டருக்குமே சரியாகப் போயிற்று. வீட்டுக் கடனுக்குத் தவணை கட்ட முடியவில்லை. வீட்டை ஏலம் விட வங்கி வழக்குப் போட்டதும் கிளெம் இடிந்துபோனான். எங்கள் தெருவில் அதற்கு முன்பே ஒரு குடும்பத்தைக் கோர்ட்டு உத்தரவோடு வந்த ஷெரீப்பின் ஆட்கள் வெளியேற்றியிருந்தார்கள். சோபாவும் மெத்தையும் பிள்ளைகளின் பொம்மைகளும் புல்தரையில் கிடக்க, தெருவே நின்று வேடிக்கை பார்த்தது. நாங்களும்தான் பார்த்தோம். அந்தக் கதி நமக்கு வேண்டாம், அவர்கள் வருவதற்குள் கௌரவமாகப் போய்விடலாம் என்றான் கிளெம்.

போனோம். போகிற நேரத்தில் நான் அடித்த கூத்தைக் கேளுங்கள். அடுப்பைத் தேய்த்தேன், ஃப்ரிட்ஜைத் துடைத்தேன், ஜன்னல்களைப் பளபளவென்று ஆக்கினேன். அந்தப் போலந்துக்காரி வீட்டை அழுக்காக வைத்திருந்தாள் என்று வங்கிக்காரன் என்னைச் சொல்லிவிடக் கூடாதாம். கிளெம் கடைசியாக ஒருமுறை புல் வெட்டினான். எங்கள் டொலீடோ நகரத்தில் இவ்வளவு சுத்தபத்தமாக வீட்டைப் பறிகொடுத்தவர்கள் நாங்களாகத்தான் இருப்போம்.

பிறகு பேஸ்மென்ட் வாழ்க்கை. தலைக்கு மேலே லோயிஸின் நாய் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும். வெள்ளிக்கிழமைகளில் சர்ச்சில் மீன் வறுத்துப் போடுவார்கள். ஊரே கூடிச் சாப்பிடும். யார் முகத்திலும் விழிக்க முடியாது என்று கிளெம் அதற்குப் போவதையே விட்டுவிட்டான். பழைய தெரு கண்ணில் படக் கூடாதென்று ஊரைச் சுற்றிக்கொண்டு கார் ஓட்டினான்.

இந்த இலையுதிர் காலத்தில் நகராட்சியிலிருந்து அவன் பெயருக்கு ஒரு நோட்டீஸ் வந்தது. பழைய வீட்டின் கார் ஷெட் கூரை சரிந்து கிடக்கிறது, உரிமையாளர் பழுது பார்க்காவிட்டால் அபராதம் என்று போட்டிருந்தது. கிளெம் வாய்விட்டுச் சிரித்தான். வீட்டைப் பிடுங்கினவனிடம் போய்க் கேட்கட்டும் என்றான். அதைச் சட்டப்படி எழுதிக் கொடுப்போம் என்று நான்தான் அவனைப் பிடித்து இழுத்துக்கொண்டு இலவச சட்ட உதவி அலுவலகத்துக்குப் போனேன்.

வக்கீல் மிஸ் ஹாலோவேக்கு என் மகள் வயதுதான் இருக்கும். கணினியில் எங்கள் முகவரியைத் தட்டிப் பார்த்தாள். ஏதோ சந்தேகம் வந்தவள் போல மறுபடி தட்டினாள். எப்போது வெளியே வந்தீர்கள், யாராவது வந்து போகச் சொன்னார்களா என்று கேட்டாள். யாரும் சொல்லவில்லை, வழக்குத்தான் போட்டார்களே என்றான் கிளெம். அவள் திரையை எங்கள் பக்கம் திருப்பினாள்.

"மிஸ்டர் சிமான்ஸ்கி, இந்த வீடு இன்னும் உங்க பேர்லதான் இருக்கு. வங்கி தீர்ப்பு வாங்கியிருக்கு. ஆனா ஏலத்தை அவங்களே ரத்து பண்ணிட்டாங்க. வித்தா ஒண்ணும் தேறாதுன்னு விட்டிருப்பாங்க. அதை உங்களுக்குச் சொல்லணும்னு யாருக்கும் தோணல."

"அப்ப எங்களை யாருமே துரத்தலையா?" என்றான் கிளெம்.

"இல்ல. நீங்க ஒரு நாள்கூட வெளிய இருந்திருக்க வேண்டியதில்ல."

எனக்குக் காது அடைத்துவிட்டது. அவள் உதடு அசைவது தெரிந்தது, ஒரு வார்த்தைகூட ஏறவில்லை. நாங்கள் பேஸ்மென்டில் கிடந்த இரண்டு குளிர்காலமும் எங்கள் படுக்கையறை எங்களுடையதாகவே இருந்திருக்கிறது. வங்கி மீது கோபம் வந்தது, கிளெம் மீது வந்தது, அடுப்பைத் தேய்த்த என் கை மீதுகூட வந்தது. கிளெம் பக்கம் திரும்பினேன். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மிஸ் ஹாலோவே தண்ணீர் கொடுத்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னாள். கடனை மாற்றி அமைக்க வங்கியிடம் அவளே மனுப் போடுவாள். பாக்கியைக் கடனின் கடைசிக்குத் தள்ளி, வட்டியைக் குறைத்து, எங்களால் கட்ட முடிந்த தவணையாக ஆக்கப் பார்ப்பாள். ஆனால் ஒரு நிபந்தனை. கடன் வாங்கியவர்கள் அந்த வீட்டில் குடியிருக்க வேண்டும். வங்கி ஆள் அனுப்பிப் பார்க்கும். இல்லையென்றால் மனு செல்லாது, வீடு போனது போனதுதான். இன்றைக்கே போய்ப் படுங்கள் என்று சொல்லி அனுப்பினாள்.

லோயிஸ் வீட்டிலிருந்து ஒரு பெட்டியையும் காற்று மெத்தையையும் எடுத்துக்கொண்டு மதியமே கிளம்பினோம். பழைய தெருவுக்குள் கார் திரும்பியது. வீட்டைப் பார்த்ததும் கிளெம் சட்டென்று பிரேக்கை மிதித்தான். ஜன்னல்களில் மஞ்சள் திரைச்சீலை தொங்கியது. வாசலில் ஒரு மூன்று சக்கர சைக்கிள் நின்றது. எங்கள் சாவி பூட்டுக்குள் நுழையவே இல்லை.

தட்டினோம். கதவைத் திறந்தவள் கையெல்லாம் மாவு. பெயர் யெசேனியா. என் சமையலறையில் அவளுடைய பீன்ஸ் கொதித்துக்கொண்டிருந்தது. என் ஜன்னலோரம் மேஜை போட்டு இரண்டு பிள்ளைகள் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தார்கள். வசந்த காலத்திலிருந்து அவள் இங்கே வாடகைக்கு இருக்கிறாள். இது தன் வீடு என்று சொன்ன ஒருவன் பூட்டை மாற்றி, சாவி கொடுத்து, மாதாமாதம் வந்து பணம் வாங்கிக்கொண்டு போகிறான். அவன் யாரென்றே எங்களுக்குத் தெரியாது. வீடு எங்கள் பேரில் இருப்பதாக வக்கீல் கொடுத்த தாளைக் கிளெம் நீட்டினான். அவள் அதைப் படித்துவிட்டு, பிள்ளைகளைத் திரும்பிப் பார்த்துவிட்டு, மறுபடியும் படித்தாள். நான் இருந்த அதே நிலை. அவளுக்கும் காது அடைத்திருக்கும்.

சண்டை போடுவாள் என்று நினைத்தேன். போடவில்லை. அடுப்பை அணைத்தாள். அலமாரியைத் திறந்து தட்டுகளை இறக்க ஆரம்பித்தாள்.

"பசங்க சாப்பிட்டதும் போயிடறோம்மா. போலீஸை மட்டும் கூப்பிடாதீங்க."

உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. மல்லுக்கு நிற்காமல் போகிறாளே என்று வாயைத் திறக்காமல் நின்றேன். கிளெம்தான் பேசினான்.

"தட்டைக் கீழ வைம்மா. கோர்ட்டு சொல்றதுக்கு முன்னால யாரும் வீட்டை விட்டுப் போகக் கூடாது. நாங்க போனோம்."

அவனை வாசலுக்கு இழுத்துக்கொண்டு வந்தேன். வீட்டுக்குப் பக்கத்தில்கூட வர மாட்டேன் என்று இரண்டு வருடம் ஒளிந்து திரிந்தவன், வீடு கைக்கு வரும்போது தானம் செய்யக் கிளம்பிவிட்டானே என்று எனக்கு ஆத்திரம்.

"உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? நாம குடியிருக்கணும்னு வக்கீல் சொன்னது காதுல விழலையா?"

"விழுந்துது. இவங்களைத் துரத்தணும்னு சொன்னதுதான் விழல."

வாசலில் நின்றபடியே மிஸ் ஹாலோவேயைக் கூப்பிட்டான். நடந்ததைச் சொன்னான். பிறகு அவள் சொன்னதை நான் எதிர்பார்க்கவே இல்லை. நாங்கள் குடியிருக்கிறோமா என்பதுதான் வங்கிக்கு வேண்டுமாம். கூட யார் இருந்தாலும் பரவாயில்லை. அந்தப் பெண் மாடி அறைகளில் முறைப்படி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடியிருந்தால், அவள் தரும் வாடகையை எங்கள் வருமானத்தில் காட்டலாம். எங்கள் சம்பளத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் மனு தேறுவது சந்தேகம், இது சேர்ந்தால் தேறலாம் என்றாள். அந்த மோசடிக்காரன் மீது புகார் எழுத யெசேனியாவுக்கு வேறொரு வக்கீலைப் பிடித்துத் தருவதாகவும் சொன்னாள்.

சற்று முன் யாரைக் கிளப்பிவிட்டால் போதும் என்று நின்றேனோ, அவள் போயிருந்தால் என் வீடும் போயிருக்கும். நேராக உள்ளே வந்தேன்.

யெசேனியா அப்போதும் தட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். கீழே வைப்பதா வேண்டாமா என்று அவளுக்குத் தெரியவில்லை. நான் அவற்றை வாங்கி மேஜையில் பரப்பினேன். மூன்றுதான் இருந்தன. அலமாரியிலிருந்து இன்னும் இரண்டு எடுத்தேன்.