வெள்ளிக்கிழமைப் படகு

டங்கன் தன் புதுப் படகை ஓட்டிப் பார்க்க வெள்ளிக்கிழமை நண்பகலைத் தெரிவு செய்ததற்கு ஒரே காரணம், அந்நேரம் வாவியில் சிரிப்பதற்கு ஆள் இருக்காது என்பதுதான். காத்தான்குடி மீனவர்கள் எல்லோரும் ஜும்ஆத் தொழுகைக்குப் போயிருப்பார்கள். காப்பாற்றவும் ஆள் இருக்காது என்பதை அவர் யோசிக்கவில்லை.

ஸ்கொட்லாந்தில் ஓர் ஆட்டுப்பட்டியில் தானாகவே இயந்திர வேலை கற்றவர் அவர். உள்ளூர்ப் பெண் பீற்றிஸைக் கலியாணம் கட்டி வாவிக்கரையில் குடியேறிய பின் அவர் செய்த தேங்காய் துருவும் இயந்திரம் வீட்டுக் கூரையைப் பிளந்தது. வலை உலர்த்தும் இயந்திரம் பக்கத்து வீட்டு றிப்ஷானின் புது வலையை இடியப்பமாக்கியது. இன்று இரண்டு நீலப் பீப்பாக்களின் மேல் பழைய சைக்கிளைப் பூட்டியிருந்தார். வழுக்காமலிருக்கப் பாதங்களை மிதிகளோடு கட்டியும் கொண்டார்.

நல்ல தூரம் போனபின் கடற்காற்று எழுந்தது. ஒரு பீப்பா மெல்லத் தாழ்ந்தது. டங்கன் தொப்பியை ஆட்டினார். மகிழ்ச்சியில் ஆட்டுகிறாரா, கூப்பிடுகிறாரா? கரையில் நின்ற பீற்றிஸ் சாயும் பீப்பாவைக் கண்டாள். "மாதாவே" என்றபடி பள்ளிவாசலுக்கு ஓடினாள்.

உள்ளே தொழுகை தொடங்கப் போகிறது. எப்படிக் கூப்பிடுவது? செருப்புக் குவியலருகே நின்று செபமாலையை உருட்டினாள். பிந்தி ஓடிவந்தவன் றிப்ஷான்தான்.

"என்ன அக்கா, செருப்புக்குக் காவலா?"

அவனுடைய புது வலையை நினைத்து அவள் உதவி கேட்கக் கூசினாள். "ஒண்டுமில்ல தம்பி. நீ தொழுதிட்டு வா."

ஆனால் அவள் கண்கள் வாவியை விட்டு அகலவில்லை. அவனும் திரும்பிப் பார்த்தான். தூரத்தில் ஒரு பீப்பாவும் ஒரு தலையும் மட்டுமே தெரிந்தன.

"நான் ஜும்ஆவுக்குப் பதிலா லுஹரைப் பிறகு தொழுவன். துரை பிறகுக்கு இருக்கமாட்டார்!"

வெள்ளை ஜுப்பாவோடு தோணியைத் தள்ளிக்கொண்டு போனான். பின்னாலேயே கரைக்கு ஓடிவந்த பீற்றிஸுக்குச் செபம் பாதியிலேயே மறந்து மறந்து போனது. அவன் தண்ணீருக்குள் குதிப்பதும், கால்கட்டை அறுக்கக் கத்தியோடு மூழ்குவதும் தெரிந்தன. பிறகு தோணிக்குள் இரண்டு தலைகள் தெரிந்தன. அவள் அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டாள்.

கரையேறிய டங்கன் இருமி இருமிச் சொன்னார்: "முன்னுக்கு நல்லாப் போச்சு."

"கீழயும் நல்லாத்தான் போனீங்க, துரை" என்றான் றிப்ஷான்.

சேறு படிந்த ஜுப்பாவைப் பீற்றிஸ் பார்த்தாள். "வீட்ட போய் மாத்திட்டு அதக் குடு தம்பி. தோச்சு, தேச்சுத் தாறன்."

டங்கனின் கண்கள் பளிச்சிட்டன. "அதுக்கு நான் ஒரு மெசின்..."

"வேணாம்!" என்றார்கள் இருவரும்.

அன்று பின்னேரம் கிணற்றடியில் பீற்றிஸ் ஜுப்பாவைக் கையால் தோய்த்தாள். மறுமுனையைப் பிடித்து முறுக்கியவர் டங்கன். அதற்கு அவர் கைகளே போதுமாயிருந்தன.